கண் மூடாத ஜெபம்

கண்ணைத் திறந்துகொண்டு ஜெபம் பண்ணுகிற ஒருவரை நான் முதன்முதலாகப் பார்த்தது செகந்திராபாத் பக்கம் அல்வாலில், ஒரு சர்ச் காம்பவுண்டுக்குள் இருந்த சின்ன மிஷன் பிரசவ ஆஸ்பத்திரியில். மொத்தமே பத்துக் கட்டில்கள். காலை எட்டு மணிக்கு மணி அடிப்பார்கள். அடித்ததும் வார்டில் இருக்கிற எல்லோரும், பொட்டு வைத்தவள், பர்தா போட்டவள், சிலுவைச் செயின் போட்டவள் என்று வித்தியாசமில்லாமல் கண்ணை மூடிக்கொள்வோம். ஹெட் நர்ஸ் ஜெபிப்பார். சிஸ்டரம்மா என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிடுவார்கள். பெயர் எனக்குத் தெரியும், ஆனால் எழுத மாட்டேன். எழுதினால், “கைக்கும்மா இதெல்லாம்?” என்று முகத்தைச் சுளிப்பார். மூன்று தலைமுறையாக செகந்திராபாத்தில் இருக்கிற தமிழ்க் குடும்பம் அவருடையது. ‘ஏன்’ என்பது அவர் வாயில் ‘கைக்கு’ என்றுதான் வரும். ‘வேண்டாம்’ என்பதற்கு ‘நக்கோ’.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கெட்ட பழக்கம். எல்லோரும் கண்ணை மூடினால் நான் ஒற்றைக் கண்ணை லேசாகத் திறந்து பார்ப்பேன். கோயிலில் தீபாராதனை நேரத்திலும் அப்படித்தான், அம்மாவிடம் தொடையில் கிள்ளு வாங்கியிருக்கிறேன். அன்றைக்கும் பார்த்தேன். சிஸ்டரம்மா ஒரே இடத்தில் நிற்கவில்லை. ஜெபித்துக்கொண்டே கட்டில் கட்டிலாகப் போய்க்கொண்டிருந்தார்.

“பரலோகத்திலிருக்கிற பிதாவே, இந்த நாளைக் காணப் பண்ணினீரே, ஸ்தோத்திரம்” என்று சொல்லியபடி ஒருத்தியின் போர்வையைத் தூக்கினார். ரத்தம் எவ்வளவு போகிறது என்று பேடைப் பார்த்தார். “இந்தப் பிள்ளைக்குப் பெலன் கொடும்” என்று அடிவயிற்றை அமுக்கினார். “கால நீட்டு மா. ஆண்டவரே, நல்லா பால் சுரக்கப் பண்ணும். நக்கோ, அந்தப் பக்கம் திரும்பாதே. உம்முடைய கிருபை பெரிது. ஆயாம்மா, இவளுக்கு பேட் மாத்து, நெனைஞ்சிருக்குது.” கடவுளுக்குச் சொல்வது எது, நமக்குச் சொல்வது எது என்று பிரித்தெடுக்கவே முடியாது. அடுத்த கட்டிலுக்குப் போனால் தெலுங்கு, அதற்கடுத்த கட்டிலில் உருது. ஜெபம் மட்டும் அறுபடாமல் ஓடிக்கொண்டிருக்கும். கடைசியில் ஆமென் சொல்வது எங்கள் வேலை. நாங்கள் சொல்லி முடிக்கும்போது அவர் அடுத்த அறையில் ஸ்டெரிலைசரைத் திறந்துகொண்டிருப்பார்.

என் கட்டிலுக்கு வந்தபோது என் ஒற்றைக் கண்ணைப் பிடித்துவிட்டார்.

“இன்னா பாக்குற? மூடு.”

“நீங்க மூடலையே?”

“நான் டூட்டில இருக்கேன்” என்று சொல்லிவிட்டு என் கால் வீக்கத்தை விரலால் அமுக்கிப் பார்த்தார்.

அப்போது எனக்கு எட்டு மாதம். ரத்த அழுத்தம் ஏறிவிட்டது என்று இரண்டு நாள் படுக்கப் போட்டிருந்தார்கள். சொந்த ஊர் கோவில்பட்டி. முறைப்படி தலைப்பிரசவத்துக்கு நான் அம்மா வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். அம்மா ஐந்தாம் மாதத்திலேயே போய்விட்டாள். பஸ் ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லையாம். வயிற்றுப் பிள்ளைக்காரி சாவு வீட்டுக்கு வரக்கூடாது என்று பெரியவர்கள் தடுத்துவிட்டதால் நான் முகம்கூடப் பார்க்கவில்லை. அப்பாவும் தம்பியும் மட்டும் ஹோட்டல் சாப்பாடு வாங்கித் தின்கிற வீட்டுக்குப் பிள்ளை பெறப் போக முடியுமா? அதனால் மௌலா அலியிலேயே, ரயில்வே ஷெட்டில் வேலை பார்க்கிற என் கணவரோடு, மூன்றாம் மாடி வாடகை வீட்டிலேயே இருந்துவிட்டேன். அல்வாலில் தமிழ் பேசுகிற நர்ஸ் ஒருத்தர் இருக்கிறார் என்று என் கணவரோடு வேலை பார்ப்பவர் சொன்னார். அப்படித்தான் அங்கே போனோம்.

சிஸ்டரம்மா யாரிடமும் ‘ஒண்ணும் ஆகாது’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. சர்ச்சிலிருந்து பார்க்க வருகிற பெண்கள் வாய்க்கு வாய் சொல்வார்கள். “ஒண்ணும் ஆகாதும்மா, கர்த்தர் பாத்துக்குவார்.” இவர் பின்னாலேயே வந்து, “அவரு பாக்கட்டும். நானும் ஒரு தரம் பாத்துடறேன்” என்று போர்வையைத் தூக்குவார். பத்து நிமிஷத்துக்கு முன்னால்தான் பார்த்திருப்பார். “எத்தனை தடவை சிஸ்டரம்மா, மானம் போகுது” என்று பக்கத்துக் கட்டில் பெண் சிணுங்கினாள். “மானம் போனா வரும் மா, ரத்தம் போனா ஏத்தணும்” என்றார். சிரிக்காமல் சொன்னார். அதனாலேயே நாங்கள் சிரித்தோம்.

இரண்டாம் நாள் சபையில் முக்கியமான பெரியவர் ஒருவர் காலை ஜெபத்துக்கு வந்தார். முடிந்ததும் வார்டு வாசலிலேயே சிஸ்டரம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

“இது என்ன பழக்கம் சிஸ்டர்? ஜெபத்துல ஒரு பயபக்தி வேணாமா?”

“பயம் இருக்குதுங்க அய்யா. அதான்” என்று சொல்லிவிட்டு ஊசி ட்ரேயோடு அவரைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார். திமிர் என்று நினைத்தேன். எனக்குத் திமிர் பிடித்தவர்களைப் பிடிக்கும்.

பிரசவத்தன்று நான் கத்தவில்லை. வலி வந்தால் எல்லாப் பெண்களும் ‘அம்மா’ என்றுதான் கத்துகிறார்கள், எந்த மொழிக்காரியாக இருந்தாலும். அந்த வார்த்தை என் வாயில் வந்துவிடக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. சிஸ்டரம்மா பஞ்சால் துடைத்துவிட்டு, “கைக்கு வாயை மூடிக்கினு இருக்க? மூச்சு வேணும் எனக்கு. கத்து” என்றார்.

“எங்கம்மா செத்துட்டா” என்றேன்.

“அதனால இன்னா? செத்தவங்கள கூப்பிடக் கூடாதா? கூப்புடு, நல்லா கூப்புடு.”

கூப்பிட்டேன். காம்பவுண்டு வேப்பமரத்துக் காக்காயெல்லாம் பறந்திருக்கும், அப்படிக் கூப்பிட்டேன். பெண் குழந்தை பிறந்தது. ஆனால் அம்மா வரவில்லை என்பதும் அந்த நிமிஷத்தில்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது. பிள்ளையை என் நெஞ்சின் மேல் வைத்தார்கள். ஈரமாக, சூடாக, கனமாக இருந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

இதைச் சொல்வதற்கு எனக்கு இப்போதும் கூசுகிறது. ஒன்றுமே தோன்றவில்லை. களைப்பாக இருக்கும் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் தோன்றவில்லை. அத்தை, அதாவது என் மாமியார், கோவில்பட்டியிலிருந்து ரயிலேறி வந்திருந்தார். நல்ல மனுஷிதான், குறை சொல்ல மாட்டேன். பூண்டுக் குழம்பு, கருவாடு, வெந்நீர்க் குளியல் என்று பச்சை உடம்புக்காரிக்கு எதெல்லாம் செய்ய வேண்டுமோ அத்தனையும் செய்தார். தாயில்லாப் பெண்ணைக் காத்துக் கருப்பு அண்டிவிடக் கூடாதே என்று வாசலில் வேப்பிலை செருகினார். இரும்பு இருக்க வேண்டும் என்று என் தலையணைக்குக் கீழே காய் நறுக்குகிற கத்தியை வைத்தார்.

“அது பாட்டுக்குக் கெடக்கட்டும் தாயி. இரும்பு இருந்தா ஒண்ணும் கிட்ட வராது” என்றார்.

வருகிறது வெளியிலிருந்து வந்தால்தானே அத்தை, என்று கேட்க நினைத்தேன்.

பிள்ளை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை. நாலு நாள், ஐந்து நாள் ஒரு பொட்டுக்கூடக் கண் அசரவில்லை. குழாய் ஓடினால் பிள்ளை அழுகிற மாதிரி கேட்கும், பிள்ளை அழுதால் எங்கோ பக்கத்து வீட்டில் குழாய் ஓடுகிற மாதிரி இருக்கும். பால் கொடுக்கும்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இந்தப் பிள்ளைக்கு நான் ஆகாதவள், இதற்கு நான் கெடுதல் என்ற நினைப்பு முதலில் ஒரு ஓரமாக வந்தது. பிறகு பகல் முழுவதும் அதுதான். நான் போய்விட்டால் நல்லது. ஆனால் தாயில்லாமல் இருப்பது எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியுமே, இதை மட்டும் விட்டுவிட்டுப் போக முடியுமா? கூட்டிக்கொண்டே போய்விட வேண்டியதுதான். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகாதவள் இப்போது பிள்ளையோடு அம்மாவிடம் போகிறாள், அவ்வளவுதானே? இது எனக்கு ரொம்ப நியாயமாகத் தெரிந்தது. பயமாகவே இல்லை. அதுதான் பயங்கரம்.

எங்கள் ஹாலை அடுத்து பால்கனி. அங்கிருந்து பார்த்தால் குன்றும் அதன் மேல் தர்காவும், படியேறுகிற மனிதர்களும் தெரியும். மத்தியானம் அத்தை அசந்து தூங்குகிற நேரத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரண்டு முறை அங்கே போய் நின்றுவிட்டு வந்திருக்கிறேன். கொடியில் துணி எடுக்க வந்த எதிர்வீட்டுப் பெண் கையசைத்தாள். நானும் கையசைத்தேன். யாருக்குத் தெரியும்?

பிரசவமான பெண்களை வீட்டுக்கே வந்து பார்ப்பது சிஸ்டரம்மா தானாக வைத்துக்கொண்ட வழக்கம். அல்வாலிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து, மல்காஜ்கிரியில் இன்னொன்று மாறி, கறுப்புத் தோல்பையோடு வருவார். ஏழாம் நாள் வந்தபோது தையலையும் தொப்புளையும் பார்த்துவிட்டுப் போனார். இருபத்திரண்டாம் நாள், பகல் பதினோரு மணிக்கு மறுபடி வந்தார். அன்று என் கணவருக்கு விடுமுறை. பிள்ளையை எடை பார்த்தார், என் கண் ரப்பையை இழுத்துப் பார்த்தார், “தூங்குறியா?” என்று கேட்டார். “நல்லா தூங்குறா சிஸ்டர், படுத்தே கிடக்கா” என்று என் கணவர் பதில் சொன்னார். சிஸ்டரம்மா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “ஜெபிக்கலாமா?” என்றார்.

அத்தைக்கு எந்தச் சாமியானாலும் சாமிதான். சட்டென்று முந்தானையை இழுத்துப் போர்த்திக் கண்ணை மூடினார். என் கணவரும் மூடினார். சிஸ்டரம்மா தன் வழக்கப்படி கண்ணைத் திறந்துகொண்டு ஆரம்பித்தார். “எங்கள் நல்ல ஆண்டவரே, இந்த வீட்டை நீர் பாக்குறீர்...” வாய் சொல்லிக்கொண்டிருக்க, கை என் படுக்கையைச் சரி செய்தது. விரிப்பை இழுத்துவிட்டார். தலையணையைத் தூக்கினார். கத்தியைப் பார்த்தார்.

பிறகு என்னைப் பார்த்தார். நான் கண்ணை மூட மறந்துபோயிருந்தேன். எனக்கு இந்த ஒற்றைக் கண் விளையாட்டெல்லாம் போய் நாளாகிவிட்டது. இரண்டு கண்ணையும் திறந்து பால்கனிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பார்வை போகிற வழியே அவரும் திரும்பிப் பார்த்தார். அந்த அறையில் கண் திறந்திருந்தது நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

அவர் ஜெபத்தை நிறுத்தவில்லை. “இந்தத் தாயை நீர் அறிவீர்” என்று சொல்லிக்கொண்டே போய்ப் பால்கனிக் கதவைச் சாத்தித் தாழ் போட்டார். திரும்பி வந்து கத்தியை எடுத்துத் தன் பைக்குள் வைத்தார். “ஆண்டவரே” என்றார். அப்புறம் ஒன்றும் வரவில்லை. ஆமெனுக்காக என் கணவரும் அத்தையும் கண்ணை மூடியபடியே காத்திருந்தார்கள். அவர் என் முன்னால் தரையில் உட்கார்ந்து, என் இரண்டு கையையும் பிடித்து, மெல்லக் கேட்டார்.

“செத்துப்போகணும்னு தோணுதா மா?”

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

“பிள்ளையை?”

“விட்டுட்டுப் போக மாட்டேன்” என்றேன்.

அத்தை “அய்யய்யோ!” என்று கண்ணைத் திறந்து தலையில் அடித்துக்கொண்டார். “நான் அப்பவே நெனச்சேம்! தனியா இருந்தவள எதுவோ அடிச்சிருக்கு. இன்னைக்கே ரயிலேறுவோம், ஊர்ல போயி மந்திரிச்சாத்தான் சரியாகும்.” என் கணவர் மட்டும், “அவளுக்கு டயர்ட்தான் சிஸ்டர், வேற ஒண்ணுமில்ல” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பாவம், அவருக்கு அப்போது இருபத்தெட்டு வயது.

“டயர்ட் ஆனவ தூங்குவா. இவ தூங்கி எத்தினி நாளாச்சுன்னு உனக்குத் தெரியுமா பா?” என்று அவரிடம் கேட்டார். பிறகு அத்தையிடம் திரும்பினார். “திருநீறு பூசுங்க, வேப்பிலை வைங்க, நானும் ஜெபிக்கறேன். ஒண்ணையும் நிறுத்த வேணாம். ஆனா இது வியாதி மா. பிள்ளை பெத்தவங்களுக்கு வர்ற வியாதி, மருந்து இருக்குது. இப்போ ஆட்டோ கூப்பிடுங்க.”

“இன்னைக்கு செவ்வாக்கெழமைல்லா” என்றார் அத்தை.

“ஹவ், ஆமா, செவ்வாய்தான். இவ இன்னிக்குத்தான இருக்கா? புதன்கிழமைக்கு யாரைக் கூட்டினு போவீங்க?” என்றார்.

அத்தை எழுந்து போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டார்.

சிஸ்டரம்மா கூட்டிக்கொண்டு போன மனநல டாக்டரம்மா அரைமணி நேரம் பேசினார். ஆஸ்பத்திரியில் சேர்க்கலாம், இல்லாவிட்டால் இரண்டு நாளுக்கொரு முறை கூட்டிவர வேண்டும், ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடக்கூடாது, பிள்ளையோடு தனியாக விடவே கூடாது, முன்னேற்றம் தெரியாவிட்டால் சேர்த்தே ஆக வேண்டும் என்றார். என் கணவர் திணறினார். காலையில் அவர் இருப்பார், மாலை ஷிப்டுக்குப் போய்விடுவார். அத்தைக்கு அறுபது தாண்டிவிட்டது, கண் அசந்துவிடுவார். “ஆஸ்பத்திரி டூட்டி முடிச்சுட்டு மூணு மணிக்கு வந்துடறேன், நீ ஷிப்ட் முடிஞ்சு வர்ற வரைக்கும் இருக்கேன்” என்றார் சிஸ்டரம்மா. அவருக்கு நாங்கள் யார்? ஒன்றுமில்லை.

அன்று மாலையே ஒரு பூட்டு வாங்கி வந்தார். கனமான இரும்புப் பூட்டு. தலைமாட்டில் இரும்பு இல்லையே என்று அத்தை கத்தியைத் தேடிக்கொண்டிருந்தார். “பூட்டும் இரும்புதான மா? காத்து கருப்பு வர்ற வழி பால்கனிதான? அங்கயே தொங்கட்டும்” என்றார். அத்தைக்கு அது மிகச் சரியாகப் பட்டது. பூட்டுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, கும்பிட்டு, தானே பூட்டினார். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார். மத்தியானம் மூன்று மணிக்கு சிஸ்டரம்மா வந்ததும் சாவி அவர் கைக்குப் போகும். வீட்டில் இருக்கிற மற்ற கத்திகளும் அதே பைக்குள் போய்விட்டன. அப்புறம் இரண்டு மாதம் எங்கள் வீட்டில் காய்கறியெல்லாம் கையால் உடைத்துப் போட்டதுதான்.

மாத்திரை போட்டதும் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். சரியாகவில்லை. தூக்கம் வந்தது, அவ்வளவுதான். தூங்கி எழுந்தால் அதே நினைப்பு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். சிஸ்டரம்மா வருவார், பால்கனிக் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு தரையில் உட்காருவார், பூண்டு உரிப்பார். நான் அழுதால், “அழு. சாப்ட்டுட்டு அழு” என்று தட்டை என் பக்கம் தள்ளுவார். என்னால் சாமி கும்பிட முடியவில்லை என்றேன் ஒருநாள். “வர்லன்னா வுடு. எனக்கு வருது, உனக்கும் சேத்து நான் பண்றேன்” என்றார். அதுவும் கண்ணைத் திறந்துகொண்டுதான்.

மாத்திரை ஆரம்பித்து மூன்றாவது வாரம் இருக்கும். அத்தை உள் அறையில் பிள்ளையோடு படுத்திருந்தார். நான் சிஸ்டரம்மா முன்னால் போய் மண்டியிட்டு, “சாவியைக் குடுங்க” என்றேன்.

“நக்கோ.”

“குடுங்க சிஸ்டரம்மா. பிள்ளையைத் தொட மாட்டேன். நான் மட்டும். சத்தியமா நான் மட்டும்.”

“நக்கோ மா.”

அவர் காலைப் பிடித்தேன். இடுப்பில் இருந்த சாவியைப் பிடுங்கப் பார்த்தேன். ஐம்பத்தைந்து வயசுக்காரர், என்ன பலம்! கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டு அசையவே இல்லை. நான் அவரை அடித்தேன். ஆமாம், அடித்தேன். தோளில், கையில். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். “எங்கம்மா பஸ் ஸ்டாண்டுல செத்தப்ப உங்க சாமி கண்ண மூடிட்டு இருந்தாரா? சொல்லுங்க, மூடிட்டுத்தான் இருந்தாரா?”

அவர் கவிழ்ந்த பூண்டுத் தட்டை நிமிர்த்தி வைத்தார். பூண்டுத் தோல் என் புடவையிலெல்லாம் ஒட்டிக்கிடந்தது.

“தெரியாது மா” என்றார். “நான் மூடினு இருந்தேன். அது தெரியும்.”

அப்போதுதான் சொன்னார். ரொம்ப வருஷத்துக்கு முன்னால், அதே மிஷன் ஆஸ்பத்திரியில், இருபது வயதுப் பெண். சுகப்பிரசவம். ஆண் பிள்ளை. வீட்டுக்காரர்கள் சந்தோஷத்தில் ஸ்தோத்திர ஜெபம் வைக்கச் சொன்னார்கள். சிஸ்டரம்மாவின் கணவர் அந்தச் சபையில் போதகர், அவரைக் கூப்பிட்டார்கள்.

“எங்க வீட்டுக்காரர் ஜெபம் நீளமா இருக்கும். கேக்கறவங்க கரைஞ்சு போவாங்க, அப்பிடி ஜெபிப்பாரு. நான் அவ கையப் புடிச்சுக்கினு கண்ணை மூடினேன். நடுவுல அவ கை தளர்ந்துச்சு. எனக்குத் தெரிஞ்சுது மா, தளர்ந்தது தெரிஞ்சுது. ஜெபத்துல கரைஞ்சுட்டா போல, தூங்குறா போலன்னு நெனச்சேன். ஆமென்னு சொன்னேன். எல்லாரும் சொன்னாங்க. கண்ணத் தெறந்தா, போர்வைக்குக் கீழ மெத்தையெல்லாம் ரத்தம், சொட்டி தரைக்கு வந்துடுச்சு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போற வழியில போய்ட்டா.”

பூண்டுத் தட்டை ஓரமாக நகர்த்தினார். “அப்புறம் எங்க வீட்டுக்காரர் சத்தமா ஜெபிச்சதே கெடையாது. அவரு போற வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் அதைப் பத்திப் பேசிக்கல. எனக்கும் ஆமென்னு வாயில வராது. அந்த வார்த்தைய சொன்னா கண்ணத் தெறக்கணுமே, இன்னா இருக்குமோன்னு பயம்.” என் கையைப் பிடித்தார். இறுக்கிப் பிடித்தார், வலித்தது. “உன் கை தளர்ந்தா எனக்குத் தெரியும். அதான் வுட மாட்டேன். திட்டு, அடி, பரவால்ல.”

அவர் மடியிலேயே தலையை வைத்து அழுதேன். பூண்டு வாசம். அம்மாவுக்காக நான் அழுதது அன்றைக்குத்தான்.

அன்றோடு நோய் போய்விடவில்லை. மருந்தை மாற்றினார்கள், அளவைக் கூட்டினார்கள். ஆனால் ஒரு நாள் பிள்ளை கொட்டாவி விட்டபோது, அந்தச் சின்ன வாயைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தது நான்தானா என்று பயந்து நிறுத்திவிட்டேன். அத்தை அடுப்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொஞ்சம் கொஞ்சமாக, பகலில் அந்த நினைப்பு இல்லாத மணிநேரங்கள் வந்தன.

அந்தப் பிள்ளைக்கு இப்போது ஏழு வயது. நான் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிற வாயாடி. சிஸ்டரம்மா ஓய்வு பெற்று மகனோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். பூட்டு மட்டும் என்னிடம் இருக்கிறது. மருந்து டப்பாவோடு சேர்த்து வைத்திருக்கிறேன். அடுத்த பிள்ளை எப்போது என்று ஊரில் கேட்டால் நான் சிரித்து மழுப்புவேன். எனக்கு இன்னும் பயம் போகவில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன்.

அவர் எங்கள் வீட்டுக்குக் கடைசியாக டூட்டிக்கு வந்த நாளைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்கு நாலு மாதம் நடந்துகொண்டிருந்தது. இனி பிள்ளையைத் தனியாக வைத்துக்கொள்ளலாம், மாத்திரையை மட்டும் நிறுத்தக்கூடாது என்று டாக்டரம்மா முதல் நாள்தான் சொல்லியிருந்தார். அத்தை மாடிப்படியிலேயே சாவியைச் சிஸ்டரம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனார். சிஸ்டரம்மா வந்து, கையைக் கழுவிக்கொண்டு, நேராகப் பால்கனிக்குப் போனார். சாவியைப் போட்டுப் பூட்டைத் திறந்தார். கதவைத் திறந்து அகலமாகத் தள்ளினார். வெயிலும் காற்றும் ஒன்றாக உள்ளே வந்தன. நான் தொட்டிலைப் பிடித்துக்கொண்டேன்.

“மூடுங்க சிஸ்டரம்மா. வேணாம்.”

அவர் தொட்டிலிலிருந்து பிள்ளையை எடுத்தார். என் கையில் கொடுத்தார். எனக்கு எதிரே, சுவரோரமாக, தரையில் உட்கார்ந்தார்.

“ஜெபிக்கலாமா?”

“கதவு தெறந்திருக்கு” என்றேன்.

“இன்னிக்கு நீ டூட்டி” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார்.

அந்தக் கண்கள் மூடி நான் பார்த்ததே இல்லை. இமை நடுங்கியது. அவருக்கும் பயம் என்று தெரிந்தது. ஜெபித்தார், நீளமாக, அவருடைய வீட்டுக்காரரைப் போலத்தான் ஜெபித்திருப்பார். என்னவெல்லாம் சொன்னார் என்று என் காதில் ஏறவில்லை. திறந்த கதவைப் பார்த்தேன், குன்றைப் பார்த்தேன், பிள்ளையைப் பார்த்தேன். பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்கியது. திறந்துவிடுங்கள், சீக்கிரம் கண்ணைத் திறந்துவிடுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன். பிள்ளையை இன்னும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கதவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தேன்.

ஜெபம் நின்றது. அவர் கண்ணைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்று ஒரு நிமிஷம் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது.

“ஆமென்” என்றேன்.

அதற்குப் பிறகுதான் கண்ணைத் திறந்தார். நேராக என் முகத்தைப் பார்த்தார். பிள்ளை எங்கே என்று தேடவே இல்லை.